மூன்று வயது மகளுக்கு இடுப்பு மூட்டில் காசநோய் என்ற சந்தேகம்: பயாப்சி இல்லாமல் மருந்து தொடங்கலாமா?

கேள்வி (திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்)

என் மகளுக்கு மூன்று வயது இரண்டு மாதம் ஆகிறது. எடை பத்தரை கிலோ. ஏழு வாரங்களுக்கு முன் இடக்காலைத் தாங்கித் தாங்கி நடக்கத் தொடங்கினாள். எங்கோ விழுந்திருப்பாள், சுளுக்காக இருக்கும் என்று எண்ணி, பக்கத்து ஊரில் சுளுக்கு வழிக்கும் ஒருவரிடம் என் மாமியார் இரண்டு முறை அழைத்துச் சென்றார். பகலில் ஓரளவு விளையாடிக்கொண்டிருந்தவள், இரவில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போதே வீறிட்டு அழுது எழுந்தாள். கனவு கண்டு பயப்படுகிறாள் என்று நினைத்துத் திருநீறு பூசிப் படுக்க வைத்த நாள்கள் உண்டு. மாலையில் உடம்பு லேசாகச் சுடும், காலையில் தணிந்துவிடும்.

முதலில் காட்டிய கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் ஒன்றுமில்லை என்று சொல்லி, வலிக்கு மருந்து கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்தும் குணமாகாததால் வேறு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே எடுத்த எம்.ஆர்.ஐ.யில் இடது இடுப்பு மூட்டில் நீர் கோத்திருப்பதாகவும், மூட்டின் உள்சவ்வு தடித்திருப்பதாகவும், தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் சிறிய அரிப்பு இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். காசநோய்த் தொற்றைக் கண்டறியத் தோலில் போடும் மான்டூ ஊசி போட்ட இடம் 16 மி.மீ. தடித்தது. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இரத்தச் சோதனையான ஈ.எஸ்.ஆர். 62. நெஞ்சு எக்ஸ்ரேயில் குறை எதுவும் இல்லை. எலும்புக் காசநோயாக இருக்கலாம் என்று சொல்லி, மயக்கம் கொடுத்து மூட்டிலிருந்து சதை எடுத்துப் பயாப்சி செய்ய வேண்டும் என்கிறார்கள்.

மருந்துக்கடை வைத்திருக்கும் என் சித்தப்பா, "இத்தனை சின்னக் குழந்தைக்கு எதற்குக் கத்தி வைக்க வேண்டும்? டி.பி. மாத்திரையைத் தொடங்கிப் பாருங்கள், குறைந்தால் டி.பி.தான்" என்கிறார். வீட்டில் எல்லோரும் அவர் பேச்சைத்தான் ஒப்புக்கொள்கிறார்கள். பிறந்தவுடன் பி.சி.ஜி. ஊசி போட்ட குழந்தைக்கு இந்த நோய் எப்படி வந்தது என்பதும் எனக்குப் புரியவில்லை. பயாப்சி உண்மையிலேயே தேவைதானா, எவ்வளவு காலம் மருந்து கொடுக்க வேண்டியிருக்கும், கால் குட்டையாகிவிடுமா என்பதை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடன் இருப்பேன். வீட்டில் எட்டு மாத ஆண் குழந்தையும், ஆறு மாதமாக இருமிக்கொண்டிருக்கும் என் மாமனாரும் இருக்கிறார்கள்.

பதில் 1 (அரசு மருத்துவமனையில் பணியாற்றும் குழந்தைநல மருத்துவர்)

அம்மா, உங்கள் கடிதத்தில் கடைசி வரியில் சொல்லியிருப்பதிலிருந்தே தொடங்குகிறேன். ஆறு மாதமாக இருமும் உங்கள் மாமனாருக்கு நாளைக் காலையிலேயே சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள். சிறு குழந்தைக்குக் காசநோய் வந்தால், அது பெரும்பாலும் அதே வீட்டில் அல்லது அடிக்கடி வந்துபோகும் வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரிடமிருந்தே வந்திருக்கும். மூச்சுவழியே நுரையீரலுக்குள் போன கிருமி, அங்கே பெரிய அடையாளம் எதையும் காட்டாமலேயே இரத்தத்தில் கலந்து, வளரும் எலும்பின் முனைகளில் இரத்த ஓட்டம் மிகுந்த இடத்தில் தங்கிவிடுகிறது. முதல் தொற்று ஏற்பட்டு ஓர் ஆண்டு முதல் மூன்று ஆண்டுகளுக்குள் எலும்பிலோ மூட்டிலோ நோய் வெளிப்படுவதுதான் குழந்தைகளில் வழக்கம். ஆகவே நெஞ்சு எக்ஸ்ரே நன்றாக இருப்பதால் காசநோய் இல்லை என்று ஆகிவிடாது.

பி.சி.ஜி. பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூளை உறைக் காசநோய், உடல் முழுவதும் பரவும் காசநோய் போன்ற கொடிய வகைகளிலிருந்து கைக்குழந்தைகளை அது பெருமளவு காக்கிறது. தொற்றே வராமல் தடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. ஊசி போட்டதில் நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை.

இரவில் வீறிட்டு அழுததை நீங்கள் குறிப்பிட்டது மிக முக்கியமானது. விழித்திருக்கும்போது நோயுற்ற மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் இறுகி, மூட்டை அசையவிடாமல் காக்கின்றன. ஆழ்ந்த தூக்கத்தில் அந்த இறுக்கம் தளர, மூட்டு அசைய, வலி தாங்காமல் குழந்தை அலறி எழுகிறது. நொண்டலும் இரவு அலறலும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், முதல் எக்ஸ்ரே எப்படி இருந்தாலும் மேலே ஆராய்ந்தே தீர வேண்டும். தொடக்க வாரங்களில் எக்ஸ்ரேயில் எலும்பு இயல்பாகவே தெரியலாம்.

பயாப்சி கட்டாயம் தேவை என்பதே என் கருத்து. உங்கள் மகளின் அறிகுறிகள் காசநோயை நோக்கித்தான் கைகாட்டுகின்றன. ஆனால் வேறு கிருமிகளால் எலும்பில் சீழ் பிடிப்பதும், குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதமும், அரிதாக இரத்தப் புற்றுநோயும் எலும்புக் கட்டிகளும்கூட இதே போன்ற படத்தை எம்.ஆர்.ஐ.யில் காட்டக்கூடும். மான்டூ 16 மி.மீ. என்பது காசநோய்க் கிருமி உடலுக்குள் புகுந்திருக்கிறது என்று சொல்கிறதே தவிர, இடுப்பில் இருக்கும் நோய் அதுதான் என்று சொல்வதில்லை. மாத்திரை கொடுத்துக் குறைகிறதா என்று பார்க்கும் வழியில் இன்னும் பெரிய இடர் ஒன்று இருக்கிறது. உங்கள் மகளுக்குத் தொற்றியது மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாக இருந்தால், நான்கைந்து மாதங்கள் வீணான பிறகுதான் அது தெரியவரும். அதற்குள் மூட்டின் குருத்தெலும்பு அழிந்திருக்கும். காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் வேறு சில கிருமிகளையும் கொல்லும். எனவே குறைந்தால் டி.பி.தான் என்ற கணக்கும் சரியாக வராது.

பயாப்சிக்கு முன் அறுவை மருத்துவரிடம் ஒரு விஷயத்தைத் தயங்காமல் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். எடுக்கும் சதை முழுவதையும், கெடாமல் பதப்படுத்தும் திரவமான ஃபார்மலின் உள்ள புட்டியில் போட்டுவிட்டால் கிருமி செத்துப்போகும். பிறகு அதை வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு பகுதி ஃபார்மலினில் திசு ஆய்வுக்கும், மற்றொரு பகுதி உப்புநீரில் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் அல்லது ட்ரூநாட் சோதனைக்கும், கிருமி வளர்ப்புக்கும் போக வேண்டும். சாதாரணச் சீழ்க்கிருமிகளுக்கான வளர்ப்பையும் சேர்த்துக் கேளுங்கள். மறந்துபோய் முழுவதும் ஃபார்மலினில் வந்து சேர்ந்த சதைத்துண்டுகளைப் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன். ஜீன் எக்ஸ்பர்ட் சோதனை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா என்பதையும், ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்பதையும் சொல்லிவிடும். வளர்ப்பு முடிவுக்கு ஆறு வாரம் வரை ஆகலாம். எலும்பில் கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்கும் என்பதால் இவை எல்லாம் எதிர்மறையாக வந்தாலும் வரலாம். அப்போது திசு ஆய்வு, குழந்தையின் நிலை, வீட்டில் நோயாளி இருப்பது ஆகிய அனைத்தையும் சேர்த்து மருத்துவர் முடிவெடுப்பார். அதுவரை லெவோஃப்ளாக்சசின், லினசோலிட் போன்ற மருந்துகளை யாரும் எழுதிக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவை காசநோய்க் கிருமியை அரைகுறையாக அடக்கி, சோதனை முடிவை மறைத்துவிடும்.

நோய் உறுதியானால் முதல் இரண்டு மாதங்கள் ஐசோநியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கும், அடுத்த பத்து மாதங்கள் பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும், நாள் தவறாமல் கொடுக்க வேண்டும். மொத்தம் 12 மாதங்கள். தேவைப்பட்டால் மருத்துவர் நீட்டிப்பார். முதல் மூன்று மருந்துகளும் சேர்ந்த, தண்ணீரில் கரையும் குழந்தை மாத்திரை அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது; எத்தாம்பியூட்டால் தனி மாத்திரை. உங்கள் மகளின் எடைக்கு, அதாவது 8 முதல் 11 கிலோ வரையுள்ள பிரிவுக்கு, தினமும் ஒவ்வொன்றிலும் இரண்டு மாத்திரை என்பது கணக்கு. 12 கிலோவைத் தொட்டால் மூன்றாகும். குழந்தை தேறத் தேற எடை கூடும். அளவை உயர்த்த மறந்துவிட்டால் மருந்து போதாமல் போகும். நரம்பு பாதிக்காமலிருக்க பி6 வைட்டமினும் தருவார்கள்.

தனியார் மருத்துவரிடம் பார்த்தாலும் காசநோயாளிகளுக்கான அரசின் இணையப் பதிவேடான நிக்ஷயில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவு இருந்தால் இலவச மருந்துடன், 2024 நவம்பரிலிருந்து மாதந்தோறும் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்ட ஊட்டச்சத்து உதவித்தொகையும் வங்கிக் கணக்குக்கு வரும். எட்டு மாதக் குழந்தையை இந்த வாரமே காட்டுங்கள். அவனுக்கு நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மருந்து தொடங்கப்படும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதைத் தள்ளிப்போடக் கூடாது.

பதில் 2 (நான்கு வயதில் முதுகெலும்புக் காசநோய் வந்து குணமான சிறுவனின் தந்தை, தஞ்சாவூர்)

சகோதரி, மருத்துவர் சொன்னவற்றுக்கு மேல் மருத்துவம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்த ஓராண்டை வீட்டில் எப்படிக் கடந்தோம் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

என் மகன் தரையில் கிடக்கும் பொம்மையை எடுக்கும்போது குனியமாட்டான். முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு, முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுப்பான். அதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சிரித்து ரசித்தோம் என்பதை இன்றும் நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. முதுகில் சிறிய மேடு தெரிந்த பிறகுதான் மருத்துவமனைக்கு ஓடினோம். எங்களுக்கும் சுளுக்கு வழிப்பவரிடம் போன கதை உண்டு. அரித்துப்போன எலும்பை அழுத்தி உருவினால் என்ன ஆகும் என்று பின்னால் மருத்துவர் விளக்கியபோது என் மனைவி அழுதுவிட்டாள். தயவுசெய்து இனி யாரும் அந்த இடத்தைத் தொட்டு உருவ விடாதீர்கள்.

மருந்தைக் காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், மாத்திரைகளைச் சிறிது தண்ணீரில் கரைத்து உடனே கொடுத்துவிடுவோம். கரைத்து வைத்துவிட்டுப் பிறகு கொடுப்பதில்லை. முதல் நாள் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைக் கண்டு இரத்தம் என்று பதறினோம். அது ரிஃபாம்பிசினின் நிறம் மட்டுமே. கண்ணீரும் அப்படித்தான் இருக்கும். சமையலறைச் சுவரில் நாள்காட்டியைத் தொங்கவிட்டு, கொடுத்த நாளுக்கெல்லாம் ஒரு வட்டம் போடுவது அவன் வேலையாக இருந்தது. அதனால் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

உண்மையில் கடினமாக இருந்தது மூன்றாம் மாதத்துக்குப் பிறகுதான். வலி போய்விட்டது, பசி எடுத்தது, முற்றத்தில் ஓடத் தொடங்கினான். நன்றாக இருக்கும் குழந்தைக்கு எதற்கு இன்னும் இத்தனை மாத்திரை என்று உறவினர் ஒவ்வொருவரும் கேட்டார்கள். உங்களிடமும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு வீட்டில் கணவன் மனைவி இருவரும் ஒரே பதிலைச் சொல்லும்படி முன்னதாகவே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கம்பக்கத்தில் சிலர் தங்கள் பிள்ளைகளை அவனோடு விளையாட விடவில்லை. எலும்பில் இருக்கும் கிருமி இருமலில் வெளியே வருவதில்லை; அவனால் யாருக்கும் தொற்றாது என்று மருத்துவரே ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அதைப் பள்ளியில் காட்டிச் சேர்த்தோம்.

பதில் 3 (எலும்பு, மூட்டு அறுவை மருத்துவர், கோயம்புத்தூர்)

கால் குட்டையாகுமா என்ற கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். இடுப்பு மூட்டுக் காசநோயில் தொடக்கத்தில் மூட்டின் உள்சவ்வு மட்டும் வீங்கி நீர் கோக்கும். குழந்தை வலிக்கு இதமாகக் காலை வெளிப்புறம் விலக்கி வைத்துக்கொள்ளும். அதனால் இடுப்புக்கூடு சாய்ந்து, அந்தக் கால் நீண்டுவிட்டதுபோலத் தோன்றும். நோய் எலும்பின் ஓரங்களை அரிக்கத் தொடங்கியதும் கால் உட்புறம் திரும்பி, குட்டையானதுபோலத் தோன்றும். இந்த இரண்டும் பெரும்பாலும் தோற்றமே. எலும்பின் நீளம் அப்போது மாறியிருப்பதில்லை. குருத்தெலும்பு அழிந்து, தொடை எலும்பின் தலை சிதைந்த பிறகுதான் உண்மையான குட்டை வருகிறது. நீங்கள் விவரித்த எம்.ஆர்.ஐ.யை வைத்துப் பார்த்தால் உங்கள் மகள் எலும்பு ஓரங்கள் அரிக்கத் தொடங்கும் இரண்டாம் படியின் வாசலில் இருக்கிறாள். இந்த நிலையில் சிகிச்சை தொடங்கிய குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நல்ல அசைவுள்ள மூட்டு திரும்பக் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன். படத்தைப் பார்க்காமல் இதற்கு மேல் உறுதி சொல்வது முறையல்ல.

பயாப்சி செய்யும்போதே மூட்டில் தேங்கிய நீரையும் சீழையும் வெளியேற்றிவிடலாம் என்பதால் அது சோதனையாக மட்டும் இராமல் சிகிச்சையின் முதல் பகுதியாகவும் அமைகிறது. பிறகு சில வாரங்கள் எடை கட்டிக் காலை இழுத்து வைப்பார்கள். தசை இறுக்கம் தளர்ந்து இரவு அலறல் நின்றுபோவதை முதல் வாரத்திலேயே பல தாய்மார்கள் கவனித்துச் சொல்வார்கள். வலி குறைந்ததும் படுத்த நிலையில் மூட்டை மெல்ல அசைக்கும் பயிற்சி தொடங்கும். காலை ஊன்றி நடப்பது மருத்துவர் சொன்ன பிறகுதான். மருந்து தொடங்கிய சில வாரங்களில் வீக்கமோ நெறிக்கட்டியோ சிறிது காலம் கூடித் தெரிவதும் உண்டு. இறந்த கிருமிகளுக்கு உடல் காட்டும் எதிர்வினையாக அது இருக்கக்கூடும் என்பதால், மருந்து வேலை செய்யவில்லை என்று நீங்களே முடிவு செய்து நிறுத்திவிடாதீர்கள்.

முன்பெல்லாம் இந்த நோய்க்கு ஆண்டுக்கணக்கில் படுக்கையும் மாவுக்கட்டும்தான் கதி. அதை மாற்றிய ஆய்வுகளில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நுரையீரல் காசநோயாளிகளை சானடோரியம் எனப்படும் தங்கிச் சிகிச்சை பெறும் காசநோய் மருத்துவமனையில் வைக்காமல் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று 1959-ல் நிறுவிக் காட்டியது. பின்னர் கொரியாவில் நடந்த ஆய்வுகள், முதுகெலும்புக் காசநோய்க்கு மருந்து சரியாகக் கொடுக்கப்பட்டால் படுக்கை ஓய்வோ மாவுக்கட்டுச் சட்டையோ கூடுதல் பயன் தருவதில்லை என்று காட்டின. சென்னையில் நடந்த முதுகெலும்பு ஆய்விலும், நடமாடிக்கொண்டே மருந்து மட்டும் எடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் நலமாக இருந்தார்கள். அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது.

தஞ்சாவூர் நண்பருக்கும் ஒரு வார்த்தை. முதுகெலும்பு குணமான குழந்தையை, வளர்ச்சி முடியும்வரை ஆண்டுக்கு ஒருமுறையாவது எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். கோயம்புத்தூர் மருத்துவர் எஸ். ராஜசேகரன், சென்னை ஆய்வில் சிகிச்சை பெற்ற 61 குழந்தைகளைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில், நோய் முற்றிலும் ஆறிய பிறகும் வளரும் பருவத்தில் ஐந்தில் ஏறத்தாழ இரண்டு குழந்தைகளுக்குக் கூன் கூடிக்கொண்டே போனதையும், அதற்குச் சற்றே மிகுதியானவர்களுக்குத் தானாகவே குறைந்ததையும் கண்டார். யாருக்குக் கூடும் என்பதை எக்ஸ்ரேயிலேயே முன்கூட்டி அறிய நான்கு அடையாளங்களையும் வகுத்துக் கொடுத்தார். அவற்றில் இரண்டுக்கு மேல் தென்பட்டால் காலம் தாழ்த்தாமல் அறுவை செய்து கூனைத் தடுக்கலாம். கால் தடுமாறுவது, அடிக்கடி விழுவது, சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி கேட்டவர் (பதினெட்டு நாள்களுக்குப் பின்)

மூவருக்கும் நன்றி. சித்தப்பாவை அழைத்து உட்காரவைத்து முதல் பதிலை வாசித்துக் காட்டினேன். ஃபார்மலின் பற்றிய பகுதியைக் கேட்டதும் அவரே மருத்துவமனைக்கு உடன் வந்து, இரண்டு புட்டிகளிலும் பெயர் ஒட்டியிருப்பதைச் சரிபார்த்தார். ஜீன் எக்ஸ்பர்ட்டில் காசநோய்க் கிருமி இருப்பதாகவும், ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் என்றும் வந்தது. திசு ஆய்வும் காசநோய் என்றே சொல்கிறது. மாமனாரின் சளியிலும் கிருமி இருந்தது. தன்னால்தான் பேத்திக்கு வந்தது என்று அவர் சாப்பிடாமல் இருந்தார். அவரைத் தேற்றுவது மகளைக் கவனிப்பதைவிடக் கடினமாக இருந்தது. அவருக்கும் மருந்து தொடங்கிவிட்டது. சின்னவனுக்கு நோய் இல்லை. தடுப்பு மருந்து கொடுக்கிறோம்.

மருந்து தொடங்கி ஒன்பது நாள் ஆகிறது. காலை மருந்தைக் குடித்த பத்து நிமிடத்தில் இரண்டு நாள் வாந்தி எடுத்துவிட்டாள். மறுபடி கொடுக்கலாமா?

பதில் 1 எழுதிய மருத்துவர்

குடித்து அரை மணி நேரத்துக்குள் முழுவதையும் வாந்தி எடுத்தால், சற்று ஓய்வு கொடுத்து அதே அளவை மீண்டும் கொடுக்கலாம். தொடர்ந்து இப்படி ஆனால் இரண்டு வாய் இட்லி கொடுத்துவிட்டு மருந்தைக் கொடுங்கள். வெறும் வயிற்றில் உறிஞ்சப்படுவதைவிடச் சற்றுக் குறைந்தாலும், வாந்தியில் முழுவதும் போவதைவிட அது மேல். ஆனால் நாள் முழுவதும் வாந்தி, உணவையே வெறுத்து ஒதுக்குவது, கண் மஞ்சளாவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டு அன்றே கல்லீரல் சோதனைக்குக் கொண்டுபோங்கள். பார்வை மங்குகிறது என்று மூன்று வயதுக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. பொம்மையைத் துழாவி எடுக்கிறாளா, படிக்கட்டில் தடுமாறுகிறாளா என்று நீங்கள்தான் கவனிக்க வேண்டும். மாமனாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: தனக்கு நோய் இருப்பது தெரியாமல் இருமிய ஒருவர் மீது எந்தக் குற்றமும் இல்லை.

கேள்வி கேட்டவர் (மூன்று மாதங்களுக்குப் பின்)

கிருமி வளர்ப்பு முடிவு வந்தது. எல்லா மருந்துகளுக்கும் கட்டுப்படும் கிருமிதான். இழுவைக் கட்டு போட்ட நான்காம் இரவிலிருந்து அலறல் இல்லை. சென்ற வாரம் முதல் காலை ஊன்றி நடக்க அனுமதித்திருக்கிறார்கள். இன்னும் லேசாகச் சாய்ந்து நடக்கிறாள். எடை 12 கிலோ 100 கிராம் ஆனதை நானே சொல்லி மாத்திரையை மூன்றாக மாற்றி வாங்கினேன். மாமனாரின் சளியில் இப்போது கிருமி இல்லை. தாத்தாவும் பேத்தியும் காலை ஆறரை மணிக்கு எதிரெதிரே உட்கார்ந்து மருந்து குடித்துவிட்டு, சுவரில் உள்ள நாள்காட்டியில் ஆளுக்கொரு வட்டம் போடுகிறார்கள். அடுத்த எக்ஸ்ரே ஆறாம் மாதம்.